நாலு தந்தி, நாலு சுவர்

நெய்வேலிக்குப் பிடில் கேட்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நெய்வேலி என்றால் கரி; கரி என்றால் மின்சாரம்; மின்சாரத்துக்கும் பிடிலுக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர்கள் கேள்வி. போய்விட்டு வந்த பிறகு யோசித்துப் பார்த்தால், நான் நினைத்ததைவிடச் சம்பந்தம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

அங்கே சுரங்கத்தில் நீர் இறைக்கும் பகுதியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரும் அவருடைய சிநேகிதர்கள் நாலைந்து பேரும் கைக்காசைப் போட்டு, மூன்று நாள் மாலை, தந்தி வாத்தியங்கள் மட்டும் என்று ஒரு சின்ன விழா ஏற்பாடு செய்திருந்தார்கள். முதல் நாள் தனி வீணை. இரண்டாம் நாள் இரட்டைப் பிடில். மூன்றாம் நாள் வீணையும் பிடிலும் சேர்ந்து. நான் போய்ச் சேர்ந்தது இரண்டாம் நாள்.

நகரியத்தின் வட்டங்களில் ஒன்றில், வேப்ப மரங்களுக்கு நடுவே இருந்தது அந்தக் கூடம். நெருங்கி உட்கார்ந்தால் நூறு பேர் உட்காரலாம். அன்று வந்திருந்தவர்கள் அறுபது பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். வர்ணம் ஆரம்பித்தது, கூடவே மைக்காரருடைய பெட்டியும் ஆரம்பித்தது. முதலில் ஓர் இரைச்சல். பிறகு ஒரு கிறீச்சு. பிறகு எந்த மேளகர்த்தாவிலும் அடங்காத ஒரு ராகம். மைக்காரர் ஒயரைப் பிடுங்கினார், செருகினார், தட்டினார். பெட்டி அசையவில்லை. இரண்டு வித்வான்களில் மூத்தவர் வில்லைக் கீழே வைத்தார். "இதை எடுத்து விடுங்கள். எல்லோரும் இப்படி முன்னாலே வந்து உட்காருங்கள்" என்றார்.

ஜமுக்காளத்தை இழுத்துக்கொண்டு எல்லோரும் முன்னால் நகர்ந்தோம். வித்வானுக்கும் எனக்கும் நடுவே ஐந்தடி தூரம் இருந்திருக்கலாம். எத்தனையோ கச்சேரிகள் கேட்டிருக்கிறேன். அன்று கேட்டதைப் போல ஒரு காம்போதியைக் கேட்டதில்லை. வித்வான் மகா மேதை என்று சொல்ல வரவில்லை. வில்லின் மயிர் தந்தியைக் கவ்வுகிற அந்த முதல் கணம், விரல் தந்தியின் மேல் வழுக்கிப் போகும்போது எழுகிற மெல்லிய உராய்வு, ஒரு பிடிப்பு முடிந்ததும் அவர் விட்ட மூச்சு எல்லாம் காதில் விழுந்தன. ராகத்தைக் கேட்டேன் என்பதைவிட ராகம் உண்டாவதைக் கேட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மேல்நாட்டார் இந்த வகைச் சங்கீதத்துக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நாம் வேண்டுமானால் 'அறைச் சங்கீதம்' என்று சொல்லிக்கொள்ளலாம். கோவிலுக்கும் நாடகக் கொட்டகைக்கும் அல்லாமல், ஓர் அறைக்காக, அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் சிலருக்காக, நாலைந்து பேர் மட்டும் வாசிப்பது. இரண்டு பிடில், ஒரு வயோலா, ஒரு செல்லோ என்று நாலு பேர் கூடும் அமைப்பைச் செழிக்க வைத்தவர் ஹைடன் என்ற ஆஸ்திரிய மேதை. 1732-இல் பிறந்து 1809-இல் காலமானவர். எஸ்டர்ஹாஸி என்ற பிரபு வம்சத்தில் நெடுங்காலம் சம்பளத்துக்கு உழைத்தவர். பிரபுவின் மாளிகைதான் அவருக்குச் சபை. ஆக, அந்தச் சங்கீதத்துக்கு நாலு தந்தி எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் நாலு சுவர்.

நம் நாட்டுக்குப் பிடில் வந்த கதையும் சுவர்களுக்கு உள்ளேதான் ஆரம்பிக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். 1786-இல் பிறந்தவர். சென்னைக்கு அருகே மணலியில் முதலியார் பிரபுக்களின் ஆதரவில் அந்தக் குடும்பம் இருந்த காலத்தில், கோட்டையில் கும்பெனியாரின் பாண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. அதில் அண்ணாவின் காதில் மெட்டுகள் விழுந்தன. தம்பியின் கண்ணில் பிடில் பட்டது. அண்ணா அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டு ஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகள் பாடுகிறார்கள். தம்பி ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டு, அதில் நம் ராகங்களை வாசித்துப் பார்த்தார். பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக விளங்கினார்.

வாத்தியம் அவர்களுடையது, உட்கார வைத்த விதம் நம்முடையது. அவர்கள் நின்றுகொண்டு மோவாய்க்கு அடியில் இடுக்கினார்கள். நாம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடிப்பாகத்தை மார்பில் சாய்த்து, தலைப்பாகத்தை வலது கணுக்காலில் ஊன்றினோம். இதனால் இடது கைக்குப் பாரம் தாங்கும் வேலை இல்லாமல் போயிற்று; அது தந்தியின் மேல் இஷ்டம்போல் ஓடலாம். தந்திகளை ஸட்ஜமம், பஞ்சமம், மறுபடி ஸட்ஜமம், பஞ்சமம் என்று மாற்றிக் கூட்டினோம். இந்த இரண்டே மாறுதல்தான். வீணையில் இருப்பது போல மெட்டுகள் இல்லாததால் குரல் போகிற இடமெல்லாம் விரல் போக முடிந்தது. கமகத்துக்காகவே பிறந்தது போல அது ஆகிவிட்டது.

தஞ்சை நால்வரில் கடைசித் தம்பி வடிவேலு. இவர் பிடிலில் மகா நிபுணர். திருவனந்தபுரத்து ஸ்வாதித் திருநாள் மகாராஜா 1834-இல் இவருக்குத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார். இந்த வடிவேலு தஞ்சாவூர்ப் பாதிரியார் ஷ்வார்ட்ஸிடம் பிடில் படித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷ்வார்ட்ஸ் பாதிரியார் காலமானது 1798-இல்; வடிவேலு பிறந்தது 1810-இல். கதை எழுதிப் பிழைக்கிற எனக்குக்கூட, குரு காலமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த சிஷ்யனை வைத்து எழுதத் துணிச்சல் வராது. இந்தக் கதை ஏன் பிறந்தது என்று மட்டும் எனக்குப் புரிகிறது. தஞ்சாவூர் அரண்மனையில் சரபோஜி மன்னர் காலத்தில் மேல்நாட்டு வாத்தியங்களும் நம் வாத்தியங்களும் ஒரே கூரையின் கீழ் ஒலித்தன. ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றிருப்பார்கள். யாரிடமிருந்து யார் என்பது மறந்துபோனால், ஊருக்குத் தெரிந்த பெரிய பெயரைப் பிடித்துக்கொள்வது மனித சுபாவம்.

அரண்மனையை விட்டுவிடுவோம். உண்மையான அறைச் சங்கீதம் நம்மிடம் எங்கே இருந்தது என்று என்னைக் கேட்டால், சென்னை ஜார்ஜ் டவுனில் ஒரு வீட்டைக் காட்டுவேன். வீணை தனம்மாளின் வீடு. 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர் அந்த அம்மையார். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் வாசிப்பார். விஷயம் தெரிந்தவர்கள், பெரிய வித்வான்கள் உட்பட, வந்து உட்கார்ந்து கேட்பார்கள். விரலில் மீட்டி போடாமல் வெறும் விரலாலேயே வாசித்தவர் அவர். வீணையின் சப்தமே சிறிது. அதிலும் வெறும் விரல் என்றால் எவ்வளவு மெல்லியதாக இருந்திருக்கும்! பக்கத்தில் இருப்பவர் இருமினால் ஒரு கமகம் போயிற்று. ஆகவே மௌனம் அங்கே மரியாதைக்காக மட்டும் அல்ல. மௌனம் இல்லாவிட்டால் சங்கீதமே இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஓர் உறுத்தல். இதுவரை சொன்னதை எல்லாம் படித்துவிட்டு, 'ஆகா, அந்தக் காலம்!' என்று பெருமூச்சு விடுவது சுலபம். அந்த அறைகளுக்குக் கதவு இருந்தது. கதவு என்று இருந்தால் வெளியே நின்றவர்களும் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

நெய்வேலிக் கூடத்தில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தப் பக்கத்துக் கிராமத்து ஆசாமி. காம்போதி முடிந்ததும் தாமாகவே என்னிடம் பேச்சுக் கொடுத்தார்.

"நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எங்க ஊர்ல பண்ணையார் வீட்டுக் கலியாணத்துல பிடில் வாசிச்சாங்க சார். உள்ளே பந்தல்ல பெரிய மனுசங்க. நாங்க வேலிக்கு வெளியே. பாட்டுக்காரர் குரல் வரும், மத்தளம் வரும். பிடில் மட்டும் வரவே வராது. கை ஆடுறது தெரியும். என்ன வாசிக்கிறாருன்னு தெரியாது. இன்னைக்குத்தான் சார் கேட்டேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போலச் சொன்னார். எனக்குத்தான் அதற்கப்புறம் இரண்டு உருப்படிகள் காதில் சரியாக ஏறவில்லை.

யோசித்துப் பாருங்கள். நாகஸ்வரம் தெருவில் வந்தது. சுவாமி புறப்பாட்டின் பின்னால் யார் வேண்டுமானாலும் நடந்து கேட்கலாம். அரை மைல் தூரத்தில் வயலில் நின்றவன் காதிலும் தோடி விழுந்தது. தந்தி வாத்தியத்துக்கு அந்தப் பெருந்தன்மை இயற்கையிலேயே கிடையாது. அதன் குரல் பத்தடிக்குள் அடங்கிவிடும். அந்தப் பத்தடிக்குள் உட்கார யாருக்கு இடம் என்பதை ஜாதியும் பணமும் தீர்மானித்தன. அறைச் சங்கீதத்தின் நேர்த்திக்கு எது காரணமோ, அதுவேதான் அதன் அநியாயத்துக்கும் காரணம்.

பிறகு சபைகள் வந்தன. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது நடந்த சங்கீத மகாநாட்டின் பயனாக, 1928-இல் மியூசிக் அகாடமி தோன்றியது. டிக்கெட் வாங்கியவர் எல்லோரும் உட்காரலாம். கதவு கொஞ்சம் அகலமாயிற்று. ஆனால் கூடம் பெரிதாகப் பெரிதாகப் பிடிலின் பாடு திண்டாட்டம். மைசூர் சௌடையா என்ன செய்தார் தெரியுமா? நாலு தந்திகளில் மூன்றுக்குத் துணைத் தந்தி சேர்த்து ஏழாக்கினார். கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்ற தவிப்பில் பிறந்த வாத்தியம் அது. அவர் 1967-இல் காலமானார். அவர் நினைவாகப் பெங்களூரில் பிடில் வடிவத்திலேயே ஒரு மண்டபம் எழுந்திருக்கிறது.

சௌடையா தந்தியைப் பெருக்கினார். அப்புறம் வந்த ஒலிபெருக்கி சப்தத்தையே பெருக்கிவிட்டது. ஏழு தந்திக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. மைக்கை வைவது இப்போது ரஸிகர்களுக்கு ஒரு நாகரிகம். நானும் வைதிருக்கிறேன். ஆனால் வேலிக்கு வெளியே நின்ற அந்தப் பையனுக்குப் பிடிலின் குரலைக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடியது அது ஒன்றுதான். 1938-இல் சென்னை வானொலி நிலையம் ஆரம்பமாயிற்று. தனம்மாள் மறைந்ததும் அதே வருஷம். ஒரு வீட்டின் வெள்ளிக்கிழமை முடிந்தது. ஊரார் வீட்டுக்கெல்லாம் வீணை வர வழி பிறந்தது. இதில் எது லாபம், எது நஷ்டம் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

பிடிலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கதவைத் தாண்டி உள்ளே போன பிறகும் அது பக்கவாத்தியம்தான். என் தாய்மாமன் ஒருவர் பிடில் வாசிப்பார். நோட்டீசில் பாட்டுக்காரர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். மாமாவின் பெயர் அடியில் சின்ன எழுத்தில், சில சமயம் தப்பான இனிஷியலோடு இருக்கும். மேடையில் அவர் பாட்டுக்காரரின் நிழல். பாடகர் போன வழியில் போய், அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் தடுமாறினால் தாமும் தடுமாறியது போல நடித்துக் காப்பாற்றுவார். விடியற்காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தமக்காக மட்டும் வாசிப்பார். சமையலறையில் காப்பிக்குக் காத்துக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன். அந்த மாமா வேறு மனுஷர். அவரை ஊர் கேட்கவில்லை.

ஆகவேதான் துவாரம் வெங்கடசாமி நாயுடு 1938-இல் வேலூரில் பிடிலை முன்னால் வைத்துத் தனிக் கச்சேரி செய்ததை நான் பெரிய சம்பவமாக நினைக்கிறேன். நிழலாக இருந்தது அன்று ஆளாக எழுந்து உட்கார்ந்தது. 1952-இல் உலகப் புகழ்பெற்ற யெஹூதி மெனுஹின், நேருவின் அழைப்பில் பஞ்ச நிவாரணக் கச்சேரிகள் செய்ய இந்தியாவுக்கு வந்தார். நீதிபதி ராஜமன்னாரின் வீட்டில் துவாரத்தின் வாசிப்பைக் கேட்டு மலைத்துப் போனார். இது நடந்தது சபையில் அல்ல, கவனியுங்கள். ஒரு வீட்டுக் கூடத்தில். பிடிலைப் பெற்றெடுத்த நாட்டாரும் அதைத் தத்தெடுத்த நாட்டாரும் சந்தித்துக்கொள்ளக் கடைசியில் ஓர் அறைதான் உதவியது.

இனி வருவது தற்செயலான பொருத்தந்தான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. 1957-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஸ்விட்ஜர்லாந்தில் கிஷ்டாடை ஒட்டியுள்ள சானென் என்ற கிராமத்துத் தேவாலயத்தில் மெனுஹின் இரண்டு கச்சேரிகள் நடத்தினார். கூட வந்தவர்கள் பிரிட்டன் என்ற ஆங்கில சாகித்யகர்த்தா, பியர்ஸ் என்ற பாடகர், ழாந்த்ரோன் என்ற செல்லோ வித்வான். பிற்காலத்தில் பெரிதாக வளர்ந்த ஒரு சங்கீத விழாவுக்கு அதுதான் வித்து. அதே 1957-இல், மே மாதம் 20-ஆம் தேதி, நேரு நெய்வேலிக்கு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததே, அதைத் தேடி வெட்டிக்கொண்டு போய், 1961-இல் கரியைத் தொட்டார்கள்.

1965-இல் எடின்பரோ விழாவில் லால்குடி ஜெயராமன் வாசித்தார். அவரைக் கேட்ட மெனுஹின் தம்முடைய இத்தாலியப் பிடில் ஒன்றையே அவருக்குக் கொடுத்துவிட்டார். மணலியில் ஓர் ஐரோப்பியர் பாலுசுவாமி தீட்சிதருக்கு வித்தையைக் கொடுத்தார். சுமார் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு இன்னொரு மேல்நாட்டவர் வாத்தியத்தையே கையில் வைத்தார். மறு வருஷம், 1966-இல், பிடில், வேணு, வீணை மூன்றையும் சரிசமமாக உட்கார வைத்துக் கச்சேரி செய்யும் வழக்கத்தை லால்குடி ஆரம்பித்தார். ரமணி குழல், வெங்கட்ராமன் வீணை. யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை. 2022-ஆம் வருஷத்துக்குரிய சங்கீத கலாநிதி பட்டம் அவருடைய பிள்ளை கிருஷ்ணனுக்கும் பெண் விஜயலட்சுமிக்கும் இரட்டைப் பிடிலுக்காகவே கிடைத்தது. அதற்கு இரண்டு வருஷம் முந்திய பட்டம் யாருக்குத் தெரியுமா? ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வைத்துக்கொண்டிருக்கும் நெய்வேலி சந்தானகோபாலனுக்கு. அவர் பாட்டுக்காரர்தான்; இருந்தாலும் கரி மட்டும் விளையும் ஊர் என்று சொல்கிற என் வீட்டாருக்கு இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்று இரவு நண்பரின் குவார்ட்டர்ஸ் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவர் தம் வேலையைப் பற்றிச் சொன்னார். கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது. சும்மா இருக்கவில்லை, மேலே முட்டிக்கொண்டே இருக்கிறது. இராப்பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தால்தான் கரி வெட்டலாம். "பம்பு ஓடற சத்தத்துல சுருதி கொஞ்சம் இறங்கினாக்கூட எனக்குத் தெரிஞ்சுடும் சார். பழக்கம்" என்றார். இந்த மனுஷருக்குப் பிடில் விழா நடத்தத் தோன்றியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

மூன்றாம் நாள் ஒரு கூத்து நடந்தது. முதல் நாள் கூட்டத்தைப் போல மூன்று மடங்கு. மைக் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாமாம் என்று வட்டத்துக்கு வட்டம் செய்தி போயிருந்தது. கூடம் நிறைந்து, தாழ்வாரம் நிறைந்து, ஜன்னல்களில் குழந்தைகள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மைக் வைத்தால் வந்தவர்கள் எதற்காக வந்தார்களோ அது போய்விடும். வைக்காவிட்டால் வெளியே நிற்பவர்களுக்கு வீணை வராது. கை ஆடுவதுதான் தெரியும். ஏற்பாட்டாளர்கள் கையைப் பிசைந்தார்கள். நூறு வருஷத்துச் சங்கடம் அந்தச் சின்ன வாசலில் வந்து நின்றது.

மைக்காரர்தான் வழி கண்டுபிடித்தார். முந்தின நாள் பட்ட அவமானத்துக்குப் பரிகாரமாக நல்ல பெட்டியாகக் கொண்டு வந்திருந்தார். வித்வான்களுக்கு முன்னால் மைக்கை வைத்து, உள்ளே ஒரு பெட்டியும் வைக்காமல், ஒரே ஒரு பெட்டியை மட்டும் தாழ்வாரத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில், தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். சப்தத்தையும் அடக்கமாகவே வைத்தார். உள்ளே இருந்தவர்களுக்கு வெறும் தந்தி. வெளியே இருந்தவர்களுக்குக் கொஞ்சம் பெருகிய தந்தி.

எனக்கு முன்னால் அந்தப் பெரியவர் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். வீணை சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இடம் தேடித் தயங்குவதைப் பார்த்தார். உடனே எழுந்து, பேத்தியை என் பக்கத்தில் நகர்த்திவிட்டு, அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னார்.

"நீங்கள் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"வெளியே நின்னு கேட்டுப் பழக்கந்தான் சார்" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே வேப்ப மரத்தடிக்குப் போனார்.